ஜூலை இருபதின் பின்பக்கம்

இந்தத் தடவை தோற்பதில்லை என்று ஒற்றர் முடிவெடுத்தது ஜூலை ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு. மணி வரை சொல்லக் காரணம் உண்டு. அந்த ஏழே காலுக்குத்தான் அவர் மனைவி தையல் டேப்பும் கையுமாக வந்து முன்னறை ஜன்னலை அளந்தாள். மூன்று அடி எட்டு அங்குலம். அளந்து முடித்ததும், ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரையும் மேலும் கீழுமாக ஒரு முறை அளந்தாள். அதற்கு டேப் தேவைப்படவில்லை.

"தையல் மிஷின் இங்க கச்சிதமா உக்காரும்," என்றாள்.

"அப்ப நான்?"

"மிஷினுக்கு நாலு கால் இருந்தும் நடக்க வராது. உங்களுக்கு ரெண்டே இருந்தாலும் வரும். நீங்கதான் தள்ளிக்கணும்."

ஒற்றர் என்றதும் வேவு பார்க்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தினக் காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் விட்டுப்போன க், ச், த், ப் ஆகிய ஒற்றெழுத்துகளைக் கண்டுபிடித்துப் போடுவதில் அவருக்கு நிகர் அவரே. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் பேசாமல் சாப்பிடுவார். எழுத்தில் ஒற்றுக் குறைந்தால் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது. அதனால் அச்சகத்து மெஷின்காரர் வைத்த பெயர் ஒற்றர். பெயர் நிலைத்துவிட்டது. ஆள் கூச்ச சுபாவம். எதிரே நின்று பேச வராது. ஓரத்தில் பென்சிலால் எழுதத்தான் வரும்.

பிழை திருத்துவதோடு இன்னொரு வேலையும் அவருடையது. காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் தேதிக்குக் கீழே 'வரலாற்றில் இன்று' என்று மூன்று வரி இருக்கும். எந்த நாளில் எந்தப் போர் முடிந்தது, எந்தப் பாலம் திறந்தது, யார் எதைக் கண்டுபிடித்தார் என்று தேடிப் பிடித்து எழுதுவது அவர்தான். இதுவரை இருபத்தேழு காலண்டர். அதாவது, லீப் வருஷம் ஏழையும் சேர்த்து, ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு தாள். மூன்றால் பெருக்கினால் இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூற்று எண்பத்தாறு வரி. அத்தனையிலும் ஒரே ஒரு பிழைதான் அவர் கண்ணுக்குத் தப்பியது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஜூலை முப்பத்தொன்றோடு அவருக்கு வேலை ஓய்வு. இருபத்தேழு வருஷமும் அவர் உட்கார்ந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. குழல் விளக்கு ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, எதிரே சுவர். ஓய்வு பெற்றதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் பென்சில் இல்லாமல், காற்று முகத்தில் பட, எதையாவது சும்மா படிக்க வேண்டும். வாழ்க்கையில் அவர் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அந்த வீட்டில் வெளிச்சம் வருகிற ஜன்னலும் அது ஒன்றுதான். மற்றது சமையலறை ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் எட்டிப் பார்க்கும்.

அவர் மனைவியான அம்மாள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தெருவிலுள்ள பிள்ளைகளின் பள்ளிச் சீருடை பாதி அவள் கையில்தான் உருவாகிறது. தையல் மெஷின் கிடந்த இடமோ சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள நடை. தலைக்கு மேல் ஒரு பல்ப். போன மாதம் கருநீலக் கால்சட்டை மூன்றைக் கறுப்பு நூலால் தைத்துவிட்டாள். பல்ப் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. வெயிலில் போட்டுப் பார்த்த தாய்மார்களுக்கு அப்படித் தெரியவில்லை. மூன்றையும் பிரித்து மறுபடி தைத்தாள். கண்ணிலிருந்து இரண்டு நாள் நீர் வடிந்தது. ஆக, நியாயம் இரண்டு. ஜன்னல் ஒன்று.

அந்த வீட்டில் சண்டை வந்தால் குரல் உயராது. தேதிதான் உயரும். ஒற்றர் எதையாவது மறுத்து வாய் திறப்பார். அம்மாள் தையலிலிருந்து தலையை எடுக்காமல், "போன வருஷம் செப்டம்பர் ஒம்பது, செவ்வாக்கிழமை. குழாயை நானே மாத்திடறேன், ஆளு எதுக்குன்னு கேட்டீங்க," என்பாள். ஒற்றர் திறந்த வாயை மூடிக்கொள்வார். ஊருக்கெல்லாம் தேதி சொல்கிற மனிதர் சொந்த வீட்டில் தேதியாலேயே அடி வாங்கினார்.

இதற்கெல்லாம் ஆயுதக் கிடங்கு அவர் அச்சடித்த காலண்டர்தான். தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். காலை ஆறு மணிக்கு அம்மாள் முந்தின நாள் தாளையல்ல, அன்றைய தாளையே கிழித்துவிடுவாள். பின்பக்கத்தில் கடைக்கு வேண்டியதை எழுதுவாள். சோப்பு, உப்பு, நூல், 'அது 1'. 'அது' என்றால் பால் பாக்கெட். பாலை ஏன் 'அது' என்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது என்று அவர் உள்மனசு சொல்லியிருந்தது. கடைப் பட்டியலுக்குக் கீழே, மாலையில், வீட்டில் நடந்தது ஒரு வரி. 'குடை தொலஞ்சி போச்சி. அவர்.' 'கண்ணாடி மேல உக்காந்துட்டார். அவர் கண்ணாடி இல்ல என் கண்ணாடி.' தாள்களை வருஷவாரியாகப் பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி அலமாரி மேல் வைத்திருந்தாள். இருபத்தேழு டப்பா.

முன்பக்கம் உலக வரலாறு, எழுதியது கணவர். பின்பக்கம் வீட்டு வரலாறு, எழுதியது மனைவி. இதில் ஒற்றருக்கு வெளியே சொல்லாத ஒரு மனத்தாங்கல் இருந்தது. அம்மாள் முன்பக்கத்தைப் படித்து அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கிழிப்பாள், திருப்புவாள், எழுதுவாள். உலகப்போர் முடிந்த நாளானாலும் சரி, அவளுக்கு அது சோப்பு வாங்குகிற நாள்.

அன்று ஏழே காலுக்கு ஒற்றர் தன் வாழ்நாளில் முதல் முறையாக எதிர்த்து நின்றார். உட்கார்ந்தபடியேதான் நின்றார். இந்த நாற்காலி வாங்கிய வருஷம், பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஜன்னலோரம் உங்களுக்குத்தான் என்று நீயே சொன்னாயே என்றார். அம்மாள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே தேதி கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

"தேதி இல்லாத பேச்சு, கிழமை இல்லாத காலண்டர் மாதிரி. சொன்னேன்னா எழுதியிருப்பேன். எழுத்துல காட்டுங்க. ஒரு வார்த்தை பேசாம மிஷினைத் தூக்கிக்கிட்டு நடைக்கே போயிடறேன்."

எழுத்தில் காட்டு என்று ஒரு பிழைதிருத்துபவரிடம் சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? அப்போதுதான் முடிவெடுத்தார்.

அடுத்த ஞாயிறு அம்மாள் தைத்த சீருடைகளைக் கொடுத்து வரப் போனாள். போக, வர, வாசலில் நின்று பேச, எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று அவருக்குக் கணக்கு. ஸ்டூல் போட்டு ஏறிப் பதினோரு வருஷத்துக்கு முந்தைய டப்பாவை இறக்கினார். தாள் தாளாகத் திருப்பினார். நாற்காலி கிடைத்தது. 'நாற்காலி வந்தது. ஒரு கால் ஆடுது.' அதற்குக் கீழே ஜன்னல் இல்லை. வருஷம் முழுக்கத் தேடியும் ஜன்னல் என்ற சொல்லே இல்லை. அவள் சொன்னது நிஜம், எழுத மறந்துவிட்டாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, வழக்கப்படி தாள்களை எண்ணினார். முந்நூற்று அறுபத்து நான்கு. மறுபடி எண்ணினார். அதே முந்நூற்று அறுபத்து நான்கு. ஒரு நாள் குறைகிறது. ஜூலை இருபது.

ஒற்றர் மூன்றாம் முறை எண்ணவில்லை. ஏனென்றால் அந்த ஜூலை இருபதுதான் நான் பிறகு சொல்கிறேன் என்ற கதை.

அந்த வருஷக் காலண்டருக்கு 'வரலாற்றில் இன்று' எழுதும்போது அவருக்கு ஒரு சிக்கல். 1969-இல் மனிதன் நிலவுக்குப் போன கலம் அங்கே இறங்கியது ஜூலை இருபது. ஆனால் அதிலிருந்து இறங்கிக் கால் வைப்பதற்குள் உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட ஊர்களில் இருபத்தொன்று பிறந்துவிட்டது. அப்படியானால் எந்தத் தாளில் போடுவது? ஒரே கால், இரண்டு தேதி. ஒன்பது நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மூன்று புத்தகம் புரட்டினார். கடைசியில் இருபது என்றே வைத்து, தேதியைப் பதினான்கு தடவை சரிபார்த்தார். தேதி சரியாக இருந்தது. ஆண்டு சரியாக இருந்தது. ஒற்று இருந்தது. பதினான்கு தடவையும் ஓர் எழுத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். இவருக்குக் கால் சறுக்கியது.

'1969: மனிதன் முதன்முதலாக நிலவில் பால் வைத்தான்.'

காலண்டர் ஜனவரியிலேயே ஊரெல்லாம் போய்ச் சுவரில் தொங்கியது. ஜூலை இருபது வரை யாருக்கும் தெரியாது. அன்று காலை அச்சகத்துக்கு நாற்பத்தொரு போன் வந்தது. காய்ச்சின பாலா, காய்ச்சாத பாலா என்று ஒருவர். பொங்கி வழிந்ததா என்று ஒருவர். இலக்கண வாத்தியார் ஒருவர் அது ஆண்பாலா பெண்பாலா என்று கேட்டார். முதலாளி திட்டவில்லை. நீங்க வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம். மறுநாள் முதலாளிக்குக் கோபம் ஆறிவிட்டது, வேலையும் தப்பியது. ஆனால் ஒற்றர் அந்த நாளைத் தன் நினைவில் பென்சிலால் குறுக்கே அடித்து, ஓரத்தில் 'நீக்குக' என்று எழுதிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து என்ன செய்தார், என்ன பேசினார் என்பதெல்லாம் அதோடு நீங்கிப் போயிற்று.

அந்தத் தாளை அன்று தானேதான் கிழித்தெறிந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைத்துக்கொண்டார். உடனே இன்னொரு நினைப்பும் வந்தது. தாள் இல்லை. அப்படியானால் அந்த இடம் காலி. காலி இடத்தில் எதை வைத்தாலும் உட்காரும். இந்த வருஷம் ஜூலை இருபது திங்கட்கிழமை. அந்த வருஷமும் திங்கட்கிழமை. எல்லாம் கூடி வருகிறது.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு வேளையில் அச்சகம் காலியாக இருந்தபோது, மெஷின்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லவே ஏழு நிமிஷம் ஆயிற்று, அவ்வளவு கூச்சம். மெஷின்காரர் வாயில் போட்டதை மெல்லாமல் கேட்டுவிட்டு, "இருபத்தேழு வருஷமாப் பேருக்கு ஒற்றர். இன்னைக்குத்தான் வேலையில சேர்ந்திருக்கீங்க," என்றார். ஒரே ஒரு தாள் அடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டார்.

பழைய பக்கங்கள் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் வருஷவாரியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த ஜூலை இருபதைத் திறந்தார்கள். திரையில் பளிச்சென்று நின்றது பால். ஒற்றரின் விரல் துடித்தது. இருபத்தேழு வருஷத்துக் கை. எதிரே பிழையை வைத்துவிட்டுச் சும்மா இரு என்றால் இருக்குமா? ப-வை எடுத்தார். க-வைப் போட்டார். 'நிலவில் கால் வைத்தான்.' பதினோரு வருஷமாகச் செருப்புக்குள் இருந்த கல் வெளியே விழுந்த மாதிரி இருந்தது.

அப்படியே இருந்தால்தானே அசல் மாதிரி இருக்கும் என்று மெஷின்காரர் கேட்டார். அதெல்லாம் அவள் முன்பக்கம் பார்க்கவே மாட்டாள் என்றார் ஒற்றர். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். அதுவும் பால் விஷயத்தில்.

மற்றபடி வேலை சுத்தம். தாளை மூன்று நாள் அச்சக வாசலில் வெயில் காட்டினார். தேநீரை நீர்க்கக் கலந்து பஞ்சால் தொட்டார். மேல் ஓரத்தைக் கிழித்து, கம்பி குத்திய துளை இரண்டையும் ஊசியால் போட்டார். மனைவியின் கையெழுத்தைக் கடைப் பட்டியல் ஒன்றைப் பார்த்துப் பதினெட்டு தடவை எழுதிப் பழகினார். அவள் 'ன' போடும்போது வால் நீளும், 'ல' படுத்துக்கொள்ளும். எல்லாம் வந்தது. கடைசியில் எழுதினார்:

'சோப்பு, உப்பு, வெள்ளை நூல். ஜன்னலை அவருக்குக் கொடுத்தாயிற்று.'

பத்தொன்பதாம் தேதி ஞாயிறு, அம்மாள் மறுபடி சீருடை கொடுக்கப் போன ஒன்றரை மணி நேரத்தில், தாள் டப்பாவுக்குள் ஜூலை பத்தொன்பதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. எண்ணினார். முந்நூற்று அறுபத்தைந்து. மனசு நிறைந்தது.

மறுநாள் திங்கள், மாலை ஐந்தரைக்கு அச்சகத்திலிருந்து வந்தவர் முகம் கழுவிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மனைவியைக் கூப்பிட்டார். இன்று ஜூலை இருபது, வரலாற்றில் இன்று என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பித்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே நாள் என்று அவர் சொன்னதும் அம்மாளின் கை டேப்பிலேயே நின்றது. அப்படியா என்று மட்டும் கேட்டாள். அவரைச் சிரமப்படுத்தாமல் தானே ஸ்டூல் போட்டு டப்பாவை இறக்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஜூலையைப் பிரித்தாள். தாள் வந்தது.

பின்பக்கத்தை வாசித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என் எழுத்தேதான்," என்றாள்.

"பின்ன யார் எழுத்து?" ஒற்றரின் குரல் கீச்சென்று வந்தது.

"'ன'வுக்கு வால்கூட இருக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு அழகா எழுதியிருக்கேன் பாருங்க." தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனாள். "ஆனா இந்த 'அவருக்கு'க்குப் பின்னாடி ஒரு 'க்' தொங்குதே. இது யாருங்க?"

"அது... ஒற்று."

"அவருக்குக் கொடுத்தாயிற்று." ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். "நான் 'குடுத்தாச்சி'ன்னுதானே எழுதுவேன்?"

"அன்னைக்கு ஒரு நாள் நல்லா எழுதியிருப்ப."

"இருக்கும். இந்த வீட்டுல ஒற்று போடறவங்க மொத்தம் எத்தன பேருங்க?"

ஒற்றர் எண்ணிப் பார்ப்பது போல் மேலே பார்த்தார். எவ்வளவு எண்ணினாலும் ஒன்றுதான் வந்தது.

அம்மாள் அதைப் பிடித்துத் தொங்கவில்லை. தாளைத் திருப்பினாள். ஒற்றர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். முன்பக்கம் சும்மா அச்சு, அதில் ஒன்றும் இல்லை என்றார். அவள் காதில் வாங்காமல் மூன்று வரியையும் நிதானமாகப் படித்தாள். நிலவுக்குப் போன ஏழே வருஷத்தில் அதே தேதியில் செவ்வாயிலும் ஒரு கலம் இறங்கியது என்ற இரண்டாவது வரியைப் பாராட்டினாள். பிறகு முதல் வரிக்குத் திரும்பி வந்தாள்.

"இதுல மனுஷன் நிலாவுல கால் வெச்சான்னு போட்டிருக்கு."

"ஆமா. வெச்சானே."

"நிஜத்துல வெச்சான். நான் அதைக் கேக்கல. அந்த வருஷத் தாள்ல என்ன வெச்சான்?"

ஒற்றர் நாற்காலிப் பிரம்பை நகத்தால் சுரண்டினார்.

"நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லக் கூடாது. நீங்களே சொல்லுங்க. என்ன வெச்சான்?"

ஜன்னலில் காற்று வந்தது. அவருக்கு மட்டும் வரவில்லை.

"பால்," என்றார் ஒற்றர்.

"நான் வாயே திறக்கல. நீங்கதான் சொன்னீங்க. ஞாபகம் வெச்சுக்குங்க. ஜூலை இருபது, திங்கக்கிழமை, அஞ்சே முக்கால்."

சொல்லிவிட்டு நடைக்குப் போனாள். தையல் மெஷினின் இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாபின்களுக்கு அடியிலிருந்து, நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். ஜூலை இருபது. தேநீர் தொடாமலே பழுப்பேறியது. முன்பக்கத்தில் பால் அப்படியே பொங்கி நின்றது. பின்பக்கத்தில் காலைப் பட்டியலுக்குக் கீழே இருந்த எழுத்து அவளுடையது இல்லை.

'இந்தப் பால் விஷயத்தை நானாக எடுக்கும்வரை இவள் எடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, இவள் என்றைக்குக் கேட்டாலும், கேட்கும் ஒன்றை மறுக்காமல் கொடுப்பேன்.'

கீழே அவர் கையெழுத்து.

"உங்க எழுத்துதானான்னு நல்லாப் பாத்துக்குங்க. ஒற்றெல்லாம் சரியா இருக்கா?"

இந்தப், எடுக்கக், அதற்குப், என்றைக்குக். நான்கு ஒற்று. நான்கும் அதனதன் இடத்தில். இந்த வீட்டில் வேறு யாரும் அப்படி எழுத முடியாது. நீக்கிய நாள் முழுவதும் திரும்பி வந்தது. அன்று இதே ஜன்னலோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தெருவெல்லாம் சிரித்தது, இவள் மட்டும் சிரிக்கவில்லை. நீ இதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாய் என்று அவர்தான் குழந்தை மாதிரி விசும்பினார். அவள் எழுதிக் கொடுங்கள் என்று பென்சிலை நீட்டினாள். அன்றிலிருந்து அவள் பட்டியலில் பால் 'அது' ஆகிவிட்டது. பதினோரு வருஷம். நாலாயிரத்துச் சொச்சம் பட்டியல். ஒன்றில்கூட அவள் அந்தச் சொல்லை எழுதவில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் உட்கார்ந்திருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார். "நீதான் முன்பக்கம் படிக்கவே மாட்டியே. உனக்கு எப்படி அன்னைக்குத் தெரிஞ்சுது?"

"யாரு சொன்னது? காலையில கிழிச்சதும் அடுப்படியில நின்னு மூணு வரியும் படிச்சிட்டுத்தான் திருப்புவேன். ஒரு நாள் விட்டதில்ல. அன்னைக்கும் ஆறு மணிக்கே பாத்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா லீவு போட்டிருப்பீங்க. முதலாளிக்குப் பதில் யாரு சொல்றது, நானா?"

ஒன்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் தாள். அவற்றை யாராவது படிக்கிறார்களா என்று ஜன்னல் இல்லாத அறையில் அவர் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. ஒருத்தி படித்திருக்கிறாள். அடுப்புக்கு எதிரே நின்று, ஒரு நாள் விடாமல். ஒற்றர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அந்த நல்ல நேரம் பார்த்து அம்மாள் தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

"சரி. அந்த 'ஒன்றை' இப்பக் கேக்கறேன்," என்றாள். "ஜன்னல்."

ஆகஸ்ட் முதல் தேதி, சனிக்கிழமை. ஓய்வின் முதல் நாள். தையல் மெஷின் மூன்று அடி எட்டு அங்குலத்தில் அச்சுக் கோத்தது போல் உட்கார்ந்திருந்தது. பிரம்பு நாற்காலியும் ஜன்னலை விட்டு முழுக்கப் போய்விடவில்லை. அம்மாள் அதைத் தன் இடக்கைப் பக்கமாக, காற்று வருகிற கோணத்தில், போட்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்க ஓர் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் அல்லவா? கருநீலம் எது, கறுப்பு எது என்று பிரித்துச் சொல்ல, பிழை பார்த்துப் பழகிய கண்ணைவிட நல்ல கண் எங்கே கிடைக்கும்? காலை எட்டு மணிக்குள் ஒற்றர் பதினோரு ஊசி கோத்துவிட்டார்.

எட்டு மணிக்கு அம்மாள் அன்றைய தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதி நீட்டினாள். முதல் வரியிலேயே, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, கொட்டை எழுத்தில் இருந்தது: 'பால் 1'. அதற்குக் கீழே இரட்டைக் கோடு.

ஒற்றர் பார்த்தார். கடைக்குப் போனார், வாங்கினார், திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் சொட்டிக்கொண்டிருந்த பாக்கெட்டோடு, வேறெதையோ நினைத்துக்கொண்டு கேட்டுவிட்டார்:

"இதை எங்க வைக்கட்டும்?"

அம்மாள் மெஷினை நிறுத்தவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை.

"இன்னைக்கு அடுப்படியிலேயே வெச்சிடுங்க. நிலா வர்றதுக்கு இன்னும் நேரமிருக்கு."